சேணத்துக்கு வைத்த பொட்டு

லாரிக்கு வைக்கலாம், தையல் மெஷினுக்கு வைக்கலாம், ஓட்டை சைக்கிளுக்குக்கூட வைக்கலாம். குதிரைச் சேணத்துக்குக் குங்குமப் பொட்டு வைக்கலாமா என்று தெரிந்துகொள்ள நான் ஆம்பூரிலிருந்து மொன்ட்ரியால் வரை போக வேண்டியிருந்தது. ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். "ஜாலியா சுத்திப் பாத்துட்டு வாங்க" என்று தெருவே வழியனுப்பியது. நானும் சிரித்துத் தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன். செய்த தப்பைச் சரிசெய்யப் போகிறேன் என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் சரக்கைச் சோதிப்பது என் வேலை. இருபத்தேழு வருடமாக அதேதான். தடவிப் பார்த்தே எந்தத் தோல், எப்படிப் பதனிட்டது என்று சொல்லிவிடுவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. என் கையெழுத்து இல்லாமல் எங்கள் வாசலை ஒரு பெட்டியும் தாண்டாது. அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு விசித்திரமான ஆர்டர் வந்தது. பன்னிரண்டு குதிரைச் சேணங்கள். மரப்பட்டையில் பதனிட்ட தோல், சாயம் கூடாது, முழுக்கக் கைத்தையல். கேட்டவர் மொன்ட்ரியாலில் ஒரு கண்காட்சி நடத்தும் இனெஸ் என்ற பெண்மணி. சேணங்கள் ஏறப்போவது மரக்குதிரைகள் மேல். அவற்றைப் பொருத்திக் கொடுக்க நான் நேரில் போவதாகவும் ஏற்பாடு.

எங்கள் முதலாளி முஸ்லிம். ஆனால் ஆயுத பூஜை வந்தால் பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக நிற்பவர் அவர்தான். அந்த வருடம் பூஜையும் சேணம் அனுப்பும் வேலையும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள், வேனுக்கு வைத்தார்கள். மறுநாள் நான் போனபோது பெட்டிகள் ஒட்டி அடுக்கியிருந்தன. சேணங்களை ஏற்கெனவே ஒருமுறை பார்த்தாயிற்றே என்று பெட்டியைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டேன். இருபத்தேழு வருடத்தில் திறக்காமல் போட்டது அது ஒன்றுதான்.

நான் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது இனெஸிடமிருந்து படம் வந்தது. ஒவ்வொரு சேணத்தின் நெற்றியிலும் மஞ்சள் பூசி, நடுவில் சிவப்பாக, ரூபாய் அளவுக்கு ஒரு பொட்டு. "இந்தக் கறையோடு இவற்றை வைக்க முடியாது. சனிக்கிழமை திறப்பு" என்று எழுதியிருந்தார். முதலாளியிடம் படத்தைக் காட்டினேன். "நீயே போற இல்ல, நீயே பாத்துட்டு வாம்மா. இது திரும்பி வந்துச்சுன்னா கைத்தையல் செக்ஷன இழுத்து மூட வேண்டியதுதான்" என்றார். கைத்தையல் பிரிவில் பதினெட்டுப் பேர். பாதிப் பேர் கல்யாணத்துக்கு நான் மொய் எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை மத்தியானம் மொன்ட்ரியாலில் இறங்கினேன். நவம்பர் மாதம். வானம் முழுக்கச் சாம்பல் பூசிய மாதிரி இருந்தது. தங்கியது சென்ட் லோரன்ட் பகுதியில், தெரிந்தவர் ஒருவர் ஏற்பாடு செய்து கொடுத்த மலரக்காவின் வாடகை வீட்டில். மலரக்காவுக்கு என்னைவிட ஆறேழு வயது கூட. யாழ்ப்பாணத்துக்காரர். மருந்துப் பெட்டி கட்டும் கம்பெனியில் வேலை செய்து, இப்போது வாரம் மூன்று நாள் மட்டும் போகிறார். கதவைத் திறந்ததும், "வாங்கோ வாங்கோ, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்கோ. முதல் சாப்பிடுங்கோ, பேந்து கதைப்பம்" என்றார். புட்டும் சொதியும் கத்தரிக்காய்ப் பொரியலும். தேங்காய்ப்பால் குழம்பான சொதியைப் பார்த்து, இதில் காரம் எங்கே என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். ஆம்பூர் பிரியாணி தின்று வளர்ந்த நாக்கு அன்றைக்கு அந்தச் சொதிக்கு அடங்கிப்போனது.

செவ்வாய் காலை மெட்ரோ ஏறிக் கண்காட்சிக்குப் போனேன். கால்வாய் ஓரத்தில் ஒரு பழைய ஆலைக் கட்டடம். உள்ளே ஆளுயரத்துக்குப் பலகைக் குதிரைகள் பன்னிரண்டு வரிசையாக நின்றன. எதன் மேலும் ஆள் இல்லை. பக்கத்தில் ஒவ்வொரு ஈட்டி மட்டும் சாய்த்து வைத்திருந்தது. இனெஸ் வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். திட்டு வாங்கத் தயாராக வந்தவளுக்கு முத்தம் கிடைத்தது.

இனெஸ் அர்ஜென்டினாவில் பிறந்து, பள்ளிக்கூட வயதில் குடும்பத்தோடு கனடாவுக்குத் தப்பி வந்தவர். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம். அவரும் நிறுத்தி நிறுத்திப் பேசுவார், நானும் அப்படியே. அதனால் இரண்டு பேருக்கும் நன்றாகப் புரிந்தது. "இவர்கள் பெயர் பிளாந்தெங்கே. ஸ்பெயின்காரர்கள் ஆண்ட காலத்து எல்லைக் காவல் குதிரைப்படை. ராஜா படை என்று நினைக்காதே. நாட்டுப்புறத்து ஏழைப் பிள்ளைகள். குதிரையைத் தாங்களே கொண்டுவர வேண்டும். கையில் ஈட்டி, தங்க மண்சுவர் வைத்த குட்டிக் கோட்டை. சம்பளம் எப்போது வருமோ அப்போது வரும். பார்வையிட வந்த அதிகாரிகள் முன்னால் ஈட்டியைச் சுழற்றிக் காட்டியதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள்" என்றார்.

அவர்கள் காவல் காத்த புல்வெளியில் மரம் அபூர்வமாம். மாடு மட்டும் கணக்கில்லாமல். அதனால் கதவு தோல், கட்டில் தோல், வாளி தோல், கயிறும் தோல். கேட்கக் கேட்க எனக்கு வாயெல்லாம் பல். அந்தக் காலத்தில் அங்கே பிறந்திருந்தால் என்னைக் கையில் பிடிக்க முடிந்திருக்காது.

பிறகு இனெஸ் குதிரைகளுக்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். அங்கே பொருள் ஒன்றும் இல்லை. தரை நிறையக் காய்ந்த புல், சுவரில் ஒலிபெருக்கிகள். அந்த நிலத்துப் பூர்வகுடி மக்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் மொழியில் பேசும் குரல்கள் அவற்றில் ஒலித்தன. "இந்த எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வாழ்ந்தவர்கள். கோடு போட்டது அவர்கள் இல்லை. என் முன்னோர் ஒருவர் இந்தப் பன்னிரண்டு குதிரைகளில் ஏதோ ஒன்றில் இருந்தார். சனிக்கிழமை அந்த மக்களில் சிலர் வருகிறார்கள். சேணத்தில் சிவப்பைப் பார்த்தால் ரத்தம் என்றுதான் நினைப்பார்கள். அங்கே உண்மையாகவே ரத்தம் சிந்தியது. அதைப் பொம்மைக் குதிரையில் தொட்டு வைத்து வேடிக்கை காட்ட என்னால் முடியாது" என்றார்.

பொட்டு என்றால் என்ன என்று விளக்கலாம் என்று வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். அதைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். நியாயம் அவர் பக்கம் இருந்தது. "இன்னொன்று. தோல் மிகவும் வெளுப்பாக, நேற்றுச் செய்ததைப் போல இருக்கிறது" என்று தயங்கிச் சொன்னார். நேற்றுச் செய்தது நேற்றுச் செய்ததைப் போலத்தானே இருக்கும் என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலை வரை அவகாசம் கேட்டேன். ஐந்து மணிக்குள் சரியாகாவிட்டால் குதிரைகளை வெறும் முதுகோடு நிறுத்துவது என்று முடிவானது.

அதற்குப் பிறகுதான் மாத்தே வந்தது. சுரைக்குடுக்கையில் பச்சை இலைத்தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி, ஒரு உலோகக் குழலால் உறிஞ்சுகிறார்கள். ஒரே குடுக்கை, ஒரே குழல், எல்லோருக்கும். நானோ எச்சில் படாமல் அண்ணாந்து குடித்தே பழகியவள். குழலை அண்ணாந்து உறிஞ்ச முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். கசப்பு பிடித்துப்போனது. குடுக்கையைத் திருப்பிக் கொடுக்கும்போது மரியாதைக்கு, தெரிந்த ஒரே ஸ்பானிய வார்த்தையான "கிராசியாஸ்" சொன்னேன். இனெஸ் எனக்கு அப்புறம் ஊற்றவே இல்லை. வேலையாட்கள் இரண்டு பேருக்கும் இரண்டு மூன்று சுற்று போனது. சரி, கறை வைத்தவளுக்கு ஒரு சுற்றே அதிகம் என்று எண்ணிக்கொண்டேன்.

சோதித்துப் பார்க்க ஒரு சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் திரும்பினேன். பெட்டி முழுக்க என்னையே பார்த்தது. எதிரில் இருந்த பெரியவர் பிரெஞ்சில் ஏதோ கேட்க, பக்கத்துப் பெண் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள்: "குதிரையை எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்கிறார்." ஸ்டேஷனுக்கு வெளியே கட்டியிருக்கிறேன் என்றேன். பெரியவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இறங்கும்போது தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

அன்று சாயங்காலம் ஆம்பூருக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்திருந்தது. கைத்தையல் மேஸ்திரி முனுசாமி எடுத்தார்.

"முனுசாமி அண்ணே, மறைக்காம சொல்லுங்க. சேணத்துக்கெல்லாம் பொட்டு வச்சது யாரு?"

"ஐயோ மேடம், தப்பா பூடுச்சா? நாங்க எல்லாரும் சேந்துதான் வச்சோம். வேனுக்கு வச்சோம், ஸ்கூட்டருக்கு வச்சோம். சேணமும் வண்டி மாதிரிதானே மேடம்? அத மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்? ஊர் வுட்டு ஊர் போற சாமான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆளின் குரலில் இருந்த நடுக்கம் அதை அப்படியே இறக்கிவிட்டது. "வச்சது வச்சாச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அது கடைக் குங்குமமா, வீட்டுக் குங்குமமா?" என்று கேட்டேன். எல்லாம் அதில்தான் இருந்தது. கடைக் குங்குமம் என்றால் ரசாயனச் சாயம், தோலில் இறங்கினால் இறங்கியதுதான். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து வீட்டில் செய்த குங்குமம் என்றால் எலுமிச்சைச் சாறு பட்டதும் சிவப்பு மறுபடி மஞ்சளாகும். மஞ்சளை வெயில் தின்றுவிடும். வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்திய எந்த வீட்டிலும் இது தெரியும்.

 அந்தப் பக்கம் மனைவியிடம் கேட்கும் சத்தம் வந்தது. "வூட்டுல இடிச்சதுதான் மேடம். மஞ்சா, சுண்ணாம்பு, அவ்ளோதான். கடைல வாங்கினா சாமி ஏத்துக்காதுன்னு இவ வாங்க வுடமாட்டா." அந்த அம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. போனை வைத்துவிட்டு அவர் இருக்கும் திசையை நோக்கி ஒரு கும்பிடு போட்டேன்.

மலரக்கா தேசிக்காயை வெட்டிக் கொடுத்தார். யாழ்ப்பாணத்தார் எலுமிச்சையை அப்படித்தான் சொல்கிறார்கள். பொட்டின் மேல் துணியால் ஒற்றினேன். சிவப்பு கண் முன்னாலேயே மஞ்சளாகியது. "உதென்ன மாயம்!" என்று மலரக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

புதன்கிழமை இனெஸ் மற்ற பதினொன்றையும் காரில் கொண்டுவந்து இறக்கினார். மலரக்காவுக்கு அன்று வேலை இல்லை. தமிழ்க் கடைக்குப் போய் ஒரு பை நிறையத் தேசிக்காய் வாங்கி வந்தோம். பொட்டில் மட்டும் ஈரம் பட்டால் வட்டமாகத் தழும்பு விழும், அதனால் மேல்தோல் முழுவதையும் ஈரத்துணியால் துடைத்துப் பிறகு சாறு ஒற்ற வேண்டும். சேணம் இரண்டு அடுக்குத் தோல், நடுவில் கம்பளி. அடியில் உள்ள அடுக்கைத் தொட வேண்டியிருக்கவில்லை. வீட்டில் கட்டில், சோபா, சாப்பாட்டு மேசை எல்லாவற்றிலும் சேணம் காய்ந்தது. அக்காவும் நானும் சமையலறையில் நின்றபடியே இடியப்பம் சாப்பிட்டோம்.

சாப்பிடும்போது கைத்தையல் பிரிவைப் பற்றியும் பிறகு கண்காட்சியைப் பற்றியும் சொன்னேன். அவர் கை அப்படியே நின்றது. "எல்லையை ஆர் போட்டது? அங்க இருந்த சனத்திட்டக் கேட்டவையோ?" இல்லை என்றேன். "எங்களையும் ஒரு காலம் கோட்டுக்கு அந்தப் பக்கம் எண்டு எழுதி வச்சவை. ஒவ்வொரு சோதனைத் தடுப்பிலயும் பையைக் கொட்டிக் காட்டிக் காட்டியே என்ர இளமை போச்சு" என்றார்.  அந்தச் சேணங்கள் அவர் கட்டிலில் கிடப்பது திடீரென்று கூச்சமாக இருந்தது. எடுத்துவிடவா என்று கேட்டேன். "விசர்க் கதை கதையாதேங்கோ. நான் உந்தக் குதிரைக்காரருக்கோ செய்யிறன்? உங்கட பதினெட்டுச் சனத்துக்குச் செய்யிறன். தேசிக்காயைத் தாங்கோ" என்றார்.

வியாழக்கிழமை பனி கொட்டியது. வெயில் என்ற பேச்சே இல்லை. பன்னிரண்டு சேணங்களும் பன்னிரண்டு மஞ்சள் பொட்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. வீட்டுக்குள் இருந்தால் அழுதுவிடுவேன் என்று, ஜன்னல் அகலமான ஏதாவது கட்டடம் கண்ணில் படுமா பார்க்கலாம் என்று வெளியே வந்து பஸ் ஏறினேன். இடதுபக்கமே வண்டி ஓடும் ஊரில் ஐம்பத்து நான்கு வருடம் இருந்தவள் எந்தப் பக்கம் நின்று பஸ் ஏறுவாள்? தப்பான பக்கத்தில்தான். நகரத்தை நோக்கிப் போவதாக நான் நினைத்த பஸ், கோடவுனும் தொழிற்சாலையுமாக எங்கேயோ போய்க் கடைசி நிறுத்தத்தில் நின்றது. பஸ்ஸில் நானும் ஓட்டுநரும் மட்டும்.

ஓட்டுநர் ஒரு பெண். ஹெயிட்டியில் பிறந்தவர், மொன்ட்ரியால்-நோர் பகுதியில் வீடு. இறங்கச் சொல்வார் என்று பயந்தேன். "வெளியே நின்றால் உறைந்துபோவீர்கள். உட்காருங்கள், பத்து நிமிடத்தில் இதே பஸ்தான் திரும்பும்" என்றவர், ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியைக் கொடுத்தார். எதற்காக இந்தப் பனியில் அலைகிறீர்கள் என்று கேட்டார். வெயில் தேடுகிறேன் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நாளைக்கு வாருங்கள். நாளை முழுக்க வெயில் என்று சொல்லியிருக்கிறார்கள். பனி மேல் வெயில் அடித்தால் கீழேயிருந்தும் வெளிச்சம் வரும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் என்னால் பஸ் ஓட்டவே முடியாது."

கீழேயிருந்தும் வெளிச்சம் வரும்! அந்த அரை ஆரஞ்சை வாயில் வைத்தபடியே எனக்கு வழி தெரிந்துவிட்டது. திறந்த இடம் ஒன்று கிடைத்தால் போதும். வீட்டுக்கு ஓடிவந்து மலரக்காவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை, போனை எடுத்தார். "பிள்ளை துஷி, உன்ர பின்வளவைக் கூட்டி வைக்காத. பனி அப்பிடியே இருக்கட்டும். நாளைக்கு விடிய நாங்கள் வாறம்... ஓம், பன்னிரண்டு. குதிரை இல்ல, சேணம்" என்றார். துஷி அவருடைய மகள், நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டில் தனி வீடு.

வெள்ளிக்கிழமை காலை அந்த ஓட்டுநர் சொன்னபடியே வானம் நீலமாக இருந்தது. துஷியின் வேனில் சேணங்களை ஏற்றிக்கொண்டு போனோம். பின்வளவு என்று அவர்கள் சொல்லும் கொல்லைப்புறம் முழுக்க வெள்ளை. ஈரத்தோடு குளிரில் போட்டால் தோல் விறைத்து வெடிக்கும், ஆனால் முந்தின நாளே நன்றாகக் காய்ந்திருந்ததால் பயமில்லை. பனியில் அட்டைகளை விரித்து, அதன் மேல் வீட்டில் இருந்த நாற்காலி, பெஞ்சு, துணி காயப்போடும் சட்டம் எல்லாவற்றையும் நிறுத்தி, சேணங்களைச் சாய்த்து வைத்தோம். மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டதைப் போல இருந்தது. வெயில் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் கண்ணைப் பறித்தது.

வடகத்துக்குக் காக்கா என்றால் சேணத்துக்கு அணில். நம்மூர் அணிலைப் போல மூன்று மடங்கு பெரிசு. வந்து தோலைக் கடித்துப் பார்த்தது. மலரக்கா பனி அள்ளும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கமும், நான் துடைப்பத்தோடு மறுபக்கமும் நின்றோம். மண்வெட்டியை அவர் தலைக்கு மேல் ஒரு சுழற்றுச் சுழற்ற, அணில் வேலி தாண்டி ஓடியது. "அக்கா, பிளாந்தெங்கே படைல உங்களச் சேத்துக்குவாங்க" என்றேன். "சம்பளம் ஒழுங்காத் தருவினமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, வீட்டுச் சாமான் விற்கிறீர்களா என்று பிரெஞ்சில் கேட்டார். துஷி இல்லை என்று சொல்லியும் நம்பாமல் ஒரு சேணத்துக்கு விலை கேட்டுவிட்டுத்தான் போனார்.

பன்னிரண்டு மணிக்கு மஞ்சள் இன்னும் இருந்தது.  ஒரு மணிக்கு மங்கியது. வெயில் நகர நகர நாங்களும் நாற்காலிகளைத் திருப்பிக்கொண்டே இருந்தோம். விரல் நுனி மரத்துப்போனது. துஷி மணிக்கொரு தரம் தேநீரும் சூடான கடலை வடையும் கொண்டுவந்தாள். மூன்று மணிக்கு ஒரு சேணத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன். பொட்டு இல்லை. அடுத்தது, இல்லை. பன்னிரண்டிலும் இல்லை. அதோடு தோல் முழுவதும் வெயில் ஏறித் தேன் நிறத்துக்கு வந்திருந்தது, ஒரு பருவம் குதிரை முதுகில் கிடந்ததைப் போல. நான் மலரக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். "கண்ணீரைத் துடையுங்கோ, உறைஞ்சு போயிடும்" என்றார் அவர். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

நாலரைக்கு ஆலைக் கட்டடத்தில் இருந்தோம். இனெஸ் ஒவ்வொரு சேணமாகக் கையால் தடவினார்.  தலையை ஆட்டி, குதிரைகளைக் காட்டினார். நான் பொருத்த ஆரம்பித்தேன். வயிற்றுப்பட்டையைக் கட்ட அடி அடுக்கின் முடிச்சை அவிழ்த்துத் தோலைத் தூக்க வேண்டும். முதல் சேணத்தின் அடித்தோலைத் தூக்கினேன். உள்ளே, குதிரையின் முதுகு படும் இடத்தில், சின்னதாக ஒரு பொட்டு. மஞ்சள், நடுவில் குங்குமம்.

இரண்டாவதைத் தூக்கினேன். அங்கேயும் இருந்தது. முனுசாமி! வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. மணி நாலே முக்கால்.

கட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. மரக்குதிரையின் முதுகைத் தூக்கி யார் பார்க்கப் போகிறார்கள்? பதினெட்டுப் பேர் முகமும் கண்ணுக்குள் வந்து போனது. கை முடிச்சைப் போடப் பார்த்தது. ஆனால் திறக்காமல் கையெழுத்துப் போட்டதால்தானே இவ்வளவு தூரம் வந்தேன்? திறந்து பார்த்துவிட்டு மூடினால் அது அதைவிடக் கேவலம். மலரக்காவைப் பார்த்தேன். "சொல்லிப்போடுங்கோ" என்றார் மெதுவாக.

இனெஸைக் கூப்பிட்டு அடித்தோலைத் தூக்கிக் காட்டினேன். அவர் குனிந்து உற்றுப் பார்த்தார். "இது என்ன? இப்போதாவது சொல்" என்றார். சொன்னேன். எங்கள் ஊரில் வேலை செய்யும் கருவிக்கும் ஓடும் வண்டிக்கும் வருடத்துக்கு ஒரு நாள் பொட்டு வைத்துக் கும்பிடுவோம், உன்னால்தான் பிழைக்கிறேன் என்று அதற்குச் சொல்லும் நாள் அது, தைத்தவர்கள் சேணத்துக்கும் வைத்துவிட்டார்கள், இவை திரும்பி வந்தால் அவர்கள் வேலை போய்விடும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. 

"அந்தப் பையன்களுக்கும் இருந்தது ஒரே ஒரு குதிரை. யாரும் அதற்கு நன்றி சொன்னதாக எந்தக் காகிதத்திலும் நான் படித்ததில்லை" என்றார் இனெஸ். "வெளியே வேண்டாம். அது எதிர்ப்பக்கத்து மக்களுக்குச் செய்யும் மரியாதை. உள்ளே இருக்கட்டும். குதிரைக்குத் தெரிந்தால் போதும்."

நான் மீதிப் பத்தையும் தூக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தது. பையிலிருந்து சோதனைத் தாளை எடுத்து, குதிரையின் பலகை முதுகிலேயே வைத்து எழுதினேன்: சேணம் பன்னிரண்டு. திறந்து பார்த்தேன். வெளியே கறை இல்லை. உள்ளே பொட்டு உண்டு. கையெழுத்துப் போட்டேன். இனெஸ் கீழே தன் கையெழுத்தைப் போட்டு, ஐந்து மணி என்று நேரத்தையும் குறித்தார்.

சுரைக்குடுக்கை வந்தது. இந்த முறை மலரக்காவுக்கும் ஒரு வாய். "பாவக்காய்த் தண்ணி" என்று முகத்தைச் சுளித்து, "கிராசியாஸ்" என்று நான் சொல்லிக் கொடுத்தபடி சொன்னார். இனெஸ் சிரித்துவிட்டார். "எங்கள் ஊரில் மாத்தே குடித்துவிட்டு நன்றி சொன்னால் போதும், இனி வேண்டாம் என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமை நீயும் சொன்னாயே, நான் எப்படி ஊற்றுவேன்?" என்றார் என்னிடம்.

கோபத்தில்தான் ஊற்றவில்லை என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரிலும் யார் யாருக்கு வாய்விட்டு நன்றி சொல்கிறோம்? ஆரஞ்சு உரித்துக் கொடுத்த அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லவில்லை. முனுசாமியின் மனைவிக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் விறைத்த விரல்களை ஊதிக்கொண்டிருந்த மலரக்காவுக்கும் சொல்லவில்லை.

என் முறை வந்தது. குழலில் சத்தம் வரும்வரை உறிஞ்சினேன். வாயைத் திறக்காமல் குடுக்கையை இனெஸ் கையில் கொடுத்தேன். அவர் வெந்நீரை ஊற்றி மறுபடியும் என்னிடமே நீட்டினார்.